தன் குழாயையே சந்தேகித்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் ஆய்வகத் தலைவர் அவர்களே, குழாய் ஆலையின் உரிமையாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த அம்மையாரின் கணவர் அவர்களே, மகளே, மருமகனே, செவிலியர் சகோதரிகளே, நண்பர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த அரங்குக்குள் நுழைந்ததும் பின்னால் தொங்கும் பதாகையைப் பார்த்தேன். 'ஐயத்துக்கு இடமில்லாத சாதனையாளர்' என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல மனத்தோடுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் அம்மையார் இதைப் பார்த்திருந்தால், நாற்காலியைப் போட்டு ஏறித் தன் கையாலேயே கழற்றியிருப்பார்! ஐயத்துக்கு இடமில்லையா? அந்த அம்மையாரின் வாழ்க்கையில் ஐயத்தைத் தவிர வேறு எதற்கு இடம் இருந்தது?

என்னை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பொருளை இரண்டு முனையிலும் கவ்விப் பிடித்து, அறுந்துபோகும் வரை இழுத்துப் பார்க்கும் இயந்திரம் ஒன்று நம் ஆய்வகத்தில் உண்டு. அது என் பொறுப்பில் இருந்தது. அதனால் அம்மையார் எனக்கு வைத்த பெயர் 'இழுவை'. "என்ன இழுவை சார், அறுந்துச்சா?" என்பதுதான் அவருடைய காலை வணக்கம். என் பேச்சும் இழுவைதான் என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. இன்று ஒருநாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலிமர் என்றால் என்ன? சின்னஞ்சிறு மூலக்கூறுகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும் நீளமான சங்கிலி. மருத்துவமனைகளில் ரத்தம் ஓடும் குழாய்களும் அப்படிப்பட்ட சங்கிலிகளால் ஆனவைதான். அந்த நாளில் அந்தப் பிளாஸ்டிக் விறைப்பாக இருக்கும். வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காக ஒருவகை எண்ணெயைக் கலப்பார்கள். எல்லாரும் கலந்தார்கள். எல்லாரும் வாங்கினார்கள். அம்மையார் மட்டும் கேட்டார்: "அந்த எண்ணெய் குழாய்லயே இருக்கும்னு யார் சொன்னது? ரத்தத்துக்குள்ள இறங்கலன்னு யார் பாத்தது?"

யாரும் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். இறங்கியது.

அதன் பிறகு அவர் செய்ததுதான் இந்தத் துறையில் அவர் போட்ட முதல் பாதை. எண்ணெயை வெளியிலிருந்து ஊற்றுவதை விட்டுவிட்டு, சங்கிலிக்குள்ளேயே வளையும் கண்ணிகளைக் கோத்தார். கலந்தால்தானே கசியும்? கோத்துவிட்டால் எங்கே போகும்? தண்ணீர் போலத் தெளிந்த, விரலில் சுற்றினால் சுற்றிக்கொள்கிற குழாய் பிறந்தது. ஆலை எழுந்தது. வார்டு வார்டாக அந்தக் குழாய் போய்ச் சேர்ந்தது. பாராட்டு விழாவுக்கு நாள் குறித்தார்கள். நாங்கள் எல்லாரும் சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

அந்த வாரம் அம்மையார் கிடங்குக்குப் போனார். பழைய பொட்டலம் ஒன்றைப் பிரித்தார். மூக்கருகே வைத்தார். என்னைக் கூப்பிட்டார்.

"மோந்து பாருங்க இழுவை சார்."

லேசான புளிப்பு வாடை. கிடங்குக்காரர் சொன்னார்: "அது பொட்டலத்துப் பசைம்மா. மழைக்காலத்துல அப்படித்தான் வரும்."

"பசை இல்லைங்க. இது அமிலம். ஈரம் பட்டுச் சங்கிலி அறுபடுது. அறுபடற இடத்துல அமிலம் வருது. அந்த அமிலமே அடுத்த கண்ணிய அறுக்கும்."

"யார் செஞ்ச சங்கிலிம்மா அது?" என்றார் கிடங்குக்காரர், விளையாட்டாக.

"நான் செஞ்சதுதான். அதனாலதான் சந்தேகம் ஜாஸ்தியா இருக்கு."

நண்பர்களே! பிறர் செய்ததைச் சந்தேகிப்பது எளிது. ஊரே தோளில் தூக்கி ஆடும்போது, தான் பெற்றதைத் தானே சந்தேகிக்க எத்தனை பேரால் முடியும்?

அவர் குழாயைச் சந்தேகித்த அன்றிலிருந்து எல்லாரும் அவரைச் சந்தேகித்தார்கள். விழாவைத் தள்ளி வையுங்கள் என்று ஒரு பெண் தன் விழாவையே நிறுத்தச் சொன்னால் யார் நம்புவார்கள்? அன்றைய ஆலை முதலாளி, இதோ மேடையில் இருப்பவரின் தகப்பனார், நேராகவே கேட்டார்: "எதிர் கம்பெனிக்காரன் எப்ப வந்து பேசினான்?" அன்றைய ஆய்வகத் தலைவர் என்னைத் தனியாக அழைத்துக் கதவைச் சாத்தினார். "அந்தம்மா யார் யாரோட பேசறாங்கன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். நான் நேரே போய் அம்மையாரிடமே சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நல்லதுதான், பாருங்க. யாராவது என்னை ஏமாத்திக்கிட்டு இருந்தாலும் எனக்கே தெரியாது இல்லையா?" என்றார். தன்னையே சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட ஒரே ஆளை நான் அங்கேதான் கண்டேன்!

அவருடைய நீராவிப் பெட்டியைப் பூட்டினார்கள். குழாயை வேகவைத்தால்தானே பல வருடச் சேதம் சில நாளில் தெரியும்? அதைத்தான் பூட்டினார்கள். சில நாள் கழித்து, வாசல் காவலர் அவருடைய பையைச் சோதித்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். உள்ளே குழாய்த் துண்டுகள்!

"என்னம்மா இது, டப்பால குழாய வச்சுக்கிட்டுப் போறீங்க?"

"வீட்டுல குக்கர் இருக்குப்பா. உங்க பெட்டியத்தான் பூட்டிட்டீங்களே."

ஆம், வீட்டுக் குக்கரில் வேகவைத்தார். முன்வரிசையில் இருக்கும் அவருடைய கணவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், பொறுமைசாலி. அவர் என்னிடம் அப்போது புலம்பியது இன்னும் நினைவிருக்கிறது: "பசிக்குதுன்னா, இருங்க, குழாய் இன்னும் வேகலங்கிறா. சார், உண்மையைச் சொல்லுங்க, இவளுக்கு ஒண்ணும் இல்லையே?" மன்னிக்க வேண்டும் ஐயா, இன்று சொல்லிவிட்டேன். நீங்களும் சிரிக்கிறீர்கள். மகிழ்ச்சி.

அந்த நாட்களில் ஒரு மாலை, சிறுநீரக வார்டின் தலைமைச் செவிலியர் அவரைத் தேடி வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். "இணைப்புக்கிட்ட வளைக்கிற இடத்துல வெள்ளைக் கோடு விழுது டாக்டரம்மா. பாத்த உடனே மாத்திடறேன். இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா ஒருநாள் நான் பாக்காம விட்டுட்டா? வெளிய சொன்னா என் வேலை போயிடுமோன்னு இருக்கு."

அம்மையார் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். "நீங்க சொன்னதா யாருக்கும் தெரியாது" என்றார். செவிலியர் போன பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். "நீங்க சொன்னதுதானே சரியா வந்திருக்கு, ஏன் அழறீங்க?" என்று கேட்டேன்.

"தப்பா இருக்கணும்னுதான் சார் ஒவ்வொரு தடவையும் குக்கர அடுப்புல வைக்கிறேன்."

இதைக் கேட்ட பிறகு அவரை யாரால் சந்தேகிக்க முடியும்?

மறுநாள் முதலாளியையும் தலைவரையும் என் இயந்திரத்தின் முன் நிறுத்தினார். "என்னை நம்ப வேண்டாம். நீங்களே கிடங்குக்குப் போய் எடுத்துட்டு வாங்க. நீங்களே வேக வைங்க. நீங்களே இழுங்க." முதலாளி தன் கையால் பொட்டலம் எடுத்தார். பூட்டிய பெட்டி திறந்தது. வெந்து வந்த துண்டை இயந்திரத்தில் மாட்டும் முன்பே, சும்மா வளைத்துப் பார்த்தார். ரொட்டித் துண்டு போல அவர் விரலிலேயே முறிந்தது. அப்போதும் அவர் நம்பவில்லை. "இதுல முன்னாடியே ஏதோ தடவி வச்சிருக்கீங்க" என்றார். இன்னொன்று எடுத்து வந்தார். அதுவும் முறிந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "வார்டுல இருக்கறதெல்லாம் இன்னைக்கே திரும்பி வரட்டும்" என்றார். உரிமையாளர் அவர்களே, உங்கள் தகப்பனாருக்கு அந்தப் பெருமை உண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

குழாய்கள் திரும்பின. விழா நின்றது. அம்மையாரின் பெயரைச் சொன்னாலே சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அவரோ ஈரம் அறுக்க முடியாத வேறு கண்ணியைத் தேடிப் போனார். பல வருடம் ஓடியது. இன்று ஊரெல்லாம் ஓடும் குழாய் அந்த இரண்டாவது குழாய்தான். ஒரு பொருள் எப்படி முதுமையடைகிறது என்பதை முன்கூட்டியே பார்க்கும் முறையை இன்று பல நாட்டு ஆய்வகங்கள் பாடமாக வைத்திருக்கின்றன. அந்தப் பாடம் ஒரு வீட்டுக் குக்கரில் தொடங்கியது! இரண்டாவது குழாயை என்னிடம் கொடுத்தபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. "இதுல என்ன குத்தம்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, பாப்போம்" என்றார்.

சென்ற மாதம் இதயம் தளர்ந்து அவர் படுக்கையில் இருந்தபோது பார்க்கப் போனேன். அவர் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவர் கண்டுபிடித்த குழாய் வழியாகவே! கூடவே வந்திருந்த என் மனைவி அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மையார் மட்டும் குழாயை முறைத்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சளா இருக்கே?"

செவிலியர் பெண் பதறிப்போய், "புதுசு மேடம், இப்பத்தான் பிரிச்சேன்" என்றாள்.

"புதுசு ஏன் மஞ்சளா இருக்கு? ஆலைல கலவைய மாத்திட்டாங்களோ? இழுவை சார், அதே பெட்டியிலேர்ந்து ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு போனேன். எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. வேகவைத்தேன், இழுத்தேன், கருவியில் வைத்துச் சங்கிலியை ஆராய்ந்தேன். கலவையில் ஒரு மாற்றமும் இல்லை. நிறத்தைப் பார்க்க மட்டும் மறந்துவிட்டேன். திரும்பிப் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்த வார்டின் விளக்கு மஞ்சள் விளக்கு என்பதை அவருடைய மகள்தான் கவனித்தார். குழாய்த் துண்டு ஒன்றை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தார். தண்ணீர் போலத் தெளிந்திருந்தது.

அம்மையார் வெகுநேரம் அதையே பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. தான் சொன்னது தப்பாகிப்போனதில் ஒரு மனிதருக்கு அவ்வளவு நிம்மதியா! தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"சரி. இன்னைக்குச் சரி."

அவர் என்னிடம் பேசிய கடைசிச் சொற்கள் அவை. 'என்றைக்கும் சரி' என்று அவர் சொல்லவில்லை. சொல்லமாட்டார்.

ஆகவே உரிமையாளர் அவர்களே, ஆய்வகத் தலைவர் அவர்களே, கட்டடத்துக்கு அவர் பெயர் வைப்பதாக அறிவித்தீர்கள், வையுங்கள். சிலை வைப்பதாகவும் கேள்விப்படுகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனால் அவருடைய இருக்கை காலியாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு கலவையையும் நம்பாமல் பார்க்கும் ஒருவர் அங்கே உட்கார வேண்டும். அவருக்கு யாரும் கதவைப் பூட்டக் கூடாது. ஆள் கிடைக்கும் வரை, ஓய்வு பெற்றவனாக இருந்தாலும், நான் உட்காருகிறேன். இந்தச் சபையின் முன் உறுதி சொல்கிறேன்.

அம்மையாரே! இங்கே வருவதற்கு முன் இன்று காலை ஆய்வகத்துக்குப் போனேன். புதிய கலவையில் ஒரு துண்டு வெட்டி இழுத்துப் பார்த்தேன். இன்றைக்குச் சரி. நாளைக்கு மறுபடி பார்க்கிறோம்.