எட்டு மணிக்குக் கதவு திறக்கும்

— இன்னும் அதைக் கையில வச்சுக்கொண்டே நிக்கிறியள், பாலேந்திரா அண்ணை? கூண்டு வண்டிக்குள்ள போடுங்கோ. எட்டு மணிக்குக் கதவு திறக்க வேணும்.

— போடுறன், மிரியம் தங்கச்சி. இந்த நத்தார்ப் பொம்மை, சிவப்புத் தொப்பிக் குள்ளன்ர முகத்தை ஒருக்காப் பாரும். இருபத்திநாலாம் திகதி ரெண்டு மணிக்குக் கடை பூட்டேக்க இவன்தான் இஞ்சை ராசா. ரெண்டு நாள் லீவு முடிஞ்சு வந்தால் அவனுக்கு நிக்க இடமில்லை.

— ராசா வாற நவம்பர் திரும்பி வருவார். சரி, அடுத்தது. மாசிப்பான், அந்த வாதுமை இனிப்பு இறாக்கை.

— இந்த மாசிப்பான் பண்டிக்குட்டியளும் கூண்டுக்கோ?

— இல்லை. தின்னுற சாமான் வாசலடியில அரைவிலை மேசைக்கு. சோடனைச் சாமான் மட்டும் கூண்டுக்கு. எட்டரைக்கு லொறி வந்து ஏத்திக்கொண்டு போகும்.

— சத்தியமா, என்ர விதியைப் பாரும். இருபத்திநாலு வருசம் டெனிஷ்காரன்ர பண்டி இறைச்சித் தொழிற்சாலையில நிண்டனான். அதைப் பூட்டி வீட்டை அனுப்பினாங்கள். இஞ்சை வந்தால் இஞ்சையும் பண்டி.

— சிரிப்புக் காட்டாதேங்கோ அண்ணை, எனக்குக் கை ஓடாது.

— உமக்கோ கை ஓடாது? அஞ்சரைக்கு வந்தனாங்கள். இப்ப ஆறே முக்கால். நீர் ஆறு இறாக்கை வெறுமையாக்கி, துடைச்சு, நாலை நிரப்பியும் போட்டீர். நான் இந்த ஒண்டோட மாரடிக்கிறன். ஒரு கடுதாசியும் பாக்காமல் எது எங்கை எண்டு எப்பிடித் தெரியுது?

— பதினஞ்சு வயசில, பள்ளிக்கூடம் விட வந்து இஞ்சை வெறும் போத்தில் அடுக்கினனான். இண்டைக்கு இறக்கிறது இருபத்திரண்டாவது நத்தார். கண்ணை மூடிக்கொண்டும் செய்வன். அண்ணை, அந்தக் கண்ணாடி உருண்டையளை ஒவ்வொண்டாக் கடுதாசியில சுத்த வேண்டாம்! பெட்டியோட கவிழுங்கோ.

— உடைஞ்சு போகுமே.

— உடைஞ்சால் உடையட்டும். அதுக்கு நேரமில்லை.

— ரெண்டு நிமிசம். மட்டையில என்ன சாமான் எண்டு எழுதி ஒட்டியும் விடுறன்.

— உது ஆருக்கு? லொறிக்காரன் வாசிக்கப் போறானோ?

— கையில எடுத்த சாமானை அப்பிடி எறிய வருகுதில்லை, தங்கச்சி. ஒண்டு கேப்பன், கோவிக்கக் கூடாது.

— வேலை செய்துகொண்டு கேளுங்கோ.

— நான் சைவக்காரன். எங்கட கோயிலில திருவிழா முடிஞ்சால் கொடி இறக்கவே ஒரு பூசை இருக்கு. நீர் வேதக்காரப் பிள்ளை. உங்கட சாமி பிறந்து இண்டைக்கு மூண்டாம் நாள். இப்பிடி எல்லாத்தையும் வழிச்சுத் துடைக்க மனம் நோகேல்லையோ?

— முதல் வருசம் அழுதனான். வீட்டை போய் அப்பாட்டச் சொன்னன். "பிறந்தவர் கடையில பிறக்கேல்லையே, பிள்ளை" எண்டார். அதோட அழுகை நிண்டது, ஸ்தோத்திரம்.

— அது நல்ல கதை.

— கதையில்லை, உண்மை. எங்கட வீட்டில மரம் ஜனவரி ஆறு வரைக்கும் நிக்கும். கடை அப்பிடி நிக்க ஏலாது. இண்டைக்கு வாற சனம் என்ன தேடும் எண்டு நினைக்கிறியள்? முதல் ஒரு மணித்தியாலம், வந்த பரிசு அளவில்லை எண்டு மாத்த வரும். பேந்து முப்பத்தொராம் திகதி புதுவருசக் கொண்டாட்டத்துக்கு மினுங்கல் தொப்பி, கொட் மீனுக்குக் கடுகுச் சோஸ், வளையம் வளையமா அடுக்கின அந்த வாதுமைக் கேக். அது முடிய, தின்ன கொழுப்புக் கரைக்க உடற்பயிற்சிப் பாய் கேக்கும். சோடனைச் சாமான் போட்டு மூட பிளாஸ்டிக் பெட்டி கேக்கும். பாண் பகுதியைப் பாருங்கோ, பெப்ரவரியில பிள்ளையள் வேசம் கட்டித் திரியிற பண்டிகைக்குத் தின்னுற கிறீம் பணிஸ் இப்பவே வந்திட்டுது.

— பெப்ரவரி பணிஸ் டிசம்பரிலயோ! சத்தியமா, நான் இதை நக்கலாத்தான் பாத்தனான். கடைக்காரருக்கு ஒரு பண்டிகையும் பண்டிகை இல்லை எண்டு நினைச்சனான். இப்ப உள்ளுக்கு நிண்டு பாக்கிறன். ஒரு ஊரையே ரெண்டரை மணித்தியாலத்தில இடம் மாத்திற மாதிரியெல்லோ இருக்கு. சனம் நித்திரையால எழும்பி வரேக்க, இது எப்பவும் இப்பிடித்தான் கிடந்தது எண்டு நினைக்கும்.

— அப்பிடி நினைக்க வேணும். நாங்கள் வேலை செய்தது தெரியக்கூடாது. அதுதான் வேலை.

— என்ர மனிசி சுஜீதாட்டச் சொன்னனான், எங்கட மிரியம் நடந்து போனால் பின்னால இறாக்கை தானா நிரம்புது எண்டு.

— சுஜீதா அக்கா நம்பினவவோ?

— சிரிச்சவ. பிறகு ஒண்டு சொன்னவ. உம்மட்ட ஒரு விசயம் கேக்கச் சொல்லி.

— வேலை முடியக் கேளுங்கோ, அண்ணை. சரி, அடுத்தது. கடுதாசி இதயங்களும் மெழுகுதிரியும்.

— சின்ன விசயம்தான்.

— வேலை முடிய எண்டனான். மணி ஏழேகால்.

— சரி, சரி. நீர் அந்தப் பக்கம் எடும், நான் இந்தப் பக்கம் எடுக்கிறன்.

— ...பத்துக் கூண்டு. ஏழு என்ர, மூண்டு உங்கட. மணி ஏழு ஐம்பத்தெட்டு. நிலம் துடைச்சாச்சு. ஸ்தோத்திரம்.

— சத்தியமா, தங்கச்சி, ஒருக்கா இஞ்சை என்னோட நிண்டு பாரும். ஒரு சிவப்பு நூல் கூட இல்லை. புதுவருசச் சாமான் வெள்ளியும் பொன்னுமா மினுங்குது. நான் எத்தினையோ நல்ல வேலைக்காரரோட நிண்டனான். உம்மைப் போல ஆளைக் காணேல்லை.

— போதும் அண்ணை. எட்டு மணி. கதவைத் திறவுங்கோ, ஆரோ ஒரு பிள்ளை குளிருக்க நிக்கிறா.

— வாங்கோ, வாங்கோ. ஓ, தமிழ்ப் பிள்ளையோ? பரிசு மாத்திறதெண்டால் இடது பக்கம்.

— இல்லை அண்ணை, மாத்த வரேல்லை. நத்தார்ச் சாமான் எங்கை? போன கிழமை இந்தப் பக்கம் முழுக்கக் கிடந்ததே. நான் பிழையான கடைக்கு வந்திட்டனோ?

— சரியான கடைதான், பிள்ளை. நத்தார்தான் போயிட்டுது.

— எல்லாமோ? ஐயோ. ஒண்டுகூட இல்லையோ?

— என்ன தேடுறீங்கள் தங்கச்சி? நான் மிரியம், இந்தப் பகுதி என்ர பொறுப்பு. சொல்லுங்கோ.

— நான் ஷாமிலா. விபோர்க் ஆஸ்பத்திரியில தாதி. இருபத்திநாலில இருந்து இண்டைக்குக் காலமை வரைக்கும் இரவும் பகலும் மாறி மாறி வேலை, மிரியம் அக்கா. எங்கட பகுதியில ரெண்டு பேருக்குக் காய்ச்சல், ஆள் இல்லை. எனக்கு ரெண்டு பிள்ளையள். நத்தாருக்கு முதல் நாள் கேட்டனான், அம்மா இல்லாமல் கொண்டாடுவியளோ, இல்லை அம்மா வரும்வரைக்கும் பாத்திருப்பியளோ எண்டு. பாத்திருப்பம் எண்டிட்டுதுகள்.

— மூண்டு நாளோ?

— மூண்டு நாள். நாளுக்கொரு கதவு திறக்கிற சொக்கலேட் கலண்டரில இருபத்திநாலாம் கதவை இன்னும் திறக்கேல்ல. பரிசு ஒண்டும் பிரிக்கேல்ல. என்ர மனிசன் ஜன்னல் சீலையை இழுத்து மூடி வச்சிருக்கிறார், பக்கத்து வீட்டுப் பிள்ளையள் புதுச் சைக்கிள் ஓடுறதைக் காணாமல் இருக்க. பரிசு பிரிக்கிற இருபத்திநாலாம் திகதி எங்களுக்கு இண்டைக்குத்தான். மரமும் சோடனையும் நான் வாங்கிக்கொண்டு வாறன் எண்டு சொன்னது. வேலைக்குப் போக முதல் வாங்கியிருக்கலாம். மூண்டு நாளில இப்பிடிக் கழுவித் துடைச்சுப் போடுவியள் எண்டு எனக்குத் தெரியாது.

— மூண்டு நாளில இல்லை, பிள்ளை. ரெண்டரை மணித்தியாலத்தில.

— அண்ணை, சும்மா இருங்கோ. ஷாமிலா, சாமான் பின்னுக்குத்தான் கிடக்கு. ஆனால் பத்துக் கூண்டும் பிளாஸ்டிக் சுத்திக் கட்டியாச்சு. எட்டரைக்கு லொறி. எதுக்குள்ள என்ன கிடக்கெண்டு... உண்மையைச் சொன்னால், எனக்கே தெரியாது. கையில வந்ததை வந்தபடி கவிழ்த்தனான்.

— பரவாயில்லை அக்கா. உங்களுக்கும் வேலை. நான் பெட்ரோல் கடையில ஏதும்...

— நில்லும், பிள்ளை, போகாதையும். மிரியம் தங்கச்சி, எனக்குப் பத்து நிமிசம் தாரும். என்ர மூண்டு கூண்டும் எனக்குத் தெரியும். முதல் கூண்டில மேல் பெட்டி கடுதாசி இதயம், கீழ்ப் பெட்டி டெனிஷ் கொடி மாலை. ரெண்டாவதில மரத்தில குத்திற மெழுகுதிரிப் பிடி, இருபத்திநாலு, கூடவே மெழுகுதிரி. மூண்டாவதில கண்ணாடி உருண்டை. சிவப்பு வேணுமோ, வெள்ளை வேணுமோ, பிள்ளை?

— ரெண்டும், அண்ணை! செரிச் சோஸ் இருக்கோ? என்ர மோள் பால்சோத்துக்கு அதில்லாமல் வாய் திறக்காது.

— அரைவிலை மேசையில எட்டுப் போத்தில். இடது கைப் பக்கம், பண்டிக்குட்டியளுக்குப் பின்னால.

— பாலேந்திரா அண்ணை, மரம்?

— பின் முத்தத்தில மூண்டு கிடக்கு, தங்கச்சி. ஒண்டு கூனல், ஒண்டு மொட்டை, ஒண்டு நல்ல வடிவு. வடிவானதை எடுத்து உதறிக்கொண்டு வாறன்.

— உள்ளுக்குக் கொண்டு வராதேங்கோ, நிலம்... சரி, கொண்டு வாங்கோ! நிலத்தைப் பேந்து பாப்பம்.

— அக்கா, உச்சிக்கு ஒரு நட்சத்திரம்?

— நட்சத்திரம் என்ர கூண்டுக்க, ஷாமிலா. ஏழில ஏதோ ஒண்டுக்க. இந்தக் கத்திரிக்கோலைப் பிடியுங்கோ. வெட்டுவம்.

— ஏழையுமோ?

— கண்டு பிடிக்கும்வரைக்கும்.

— ஏலுமெண்டால் சின்னது. மூத்தவன் தூக்கி வைக்கிற மாதிரி.

— ...மூண்டாம் கூண்டிலயும் இல்லை. கர்த்தாவே, நான் என்னத்தை எதோட போட்டிருக்கிறன்! வாத்து வறுக்கிற தட்டுக்க காலுக்குப் போடுற கம்பளி மேசோடு. உருண்டை எல்லாம் நொறுங்கிப் போச்சு. கையை வைக்காதேங்கோ ஷாமிலா, கண்ணாடி.

— தங்கச்சி, மரம் வாசலில நிக்குது. நான் அஞ்சாவதை வெட்டுறன், நீர் நாலாவதைப் பாரும். லொறிக்காரன் வந்திட்டான், ஒரு கோப்பியைக் குடுத்துக் கதவடியில இருத்தியிருக்கிறன்.

— கோப்பியோ? நல்லகாலம் நீங்கள்... இந்தா! கிடைச்சிட்டுது! வளையவும் இல்லை. ஷாமிலா, பிடியுங்கோ.

— அக்கா... இதைப் பிள்ளையள் காணேக்க நான் உங்கட பேரைச் சொல்லுவன். ரெண்டு பேற்றையும். இவ்வளவு கெதியா நத்தாரைத் தூக்கி மூடுற கை, இவ்வளவு கெதியாத் திறந்தும் தருமெண்டு நான் நினைக்கேல்ல.

— கெதியாத் திறந்தது பாலேந்திரா அண்ணை, ஷாமிலா. நான் கண்டு பிடிக்கத்தான் தெரியாமல் நிண்டனான். போங்கோ, பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குங்கள். காசு அந்தப் பக்கம் கட்டுங்கோ, எல்லாம் அரைவிலைதான். மரம் சும்மா கொண்டு போங்கோ.

— நல்ல நத்தார், அக்கா. நல்ல நத்தார், அண்ணை.

— நல்ல நத்தார், பிள்ளை. காரில மரத்தை நான் கட்டி விடுறன், வாரும்.

— ...கட்டியாச்சோ அண்ணை?

— கட்டியாச்சு. முன் சீற்றில நட்சத்திரத்துக்குத் தனியா பெல்ட் போட்டுக் கொண்டு போறா. சத்தியமா, இருபத்திநாலு வருசம் வேலை செய்தனான், ஒருத்தர் என்ர கையால வாங்கிக்கொண்டு இப்பிடிச் சிரிச்சதில்லை. தங்கச்சி, இப்ப வேலை முடிஞ்சுது. அந்த விசயத்தைக் கேக்கலாமோ?

— கேளுங்கோ.

— முப்பத்தொராம் திகதியோட என்ர ஒப்பந்தம் முடியுது. அதுக்குப் பிறகு எனக்கு இஞ்சை இடம் இருக்கோ?

— இல்லை, அண்ணை. நீக்கிலாஸ் முடிவு எடுத்திட்டார். ஒன்பது மணிக்கு மேல் மாடிக்குக் கூப்பிட்டு உங்களுக்குச் சொல்லப் போறார்.

— ம்... சரி. சத்தியமா கோவமில்லை. அவர் மனேஜர், கணக்குப் பாக்கத்தான் வேணும். நான் வேலையில மெதுவு, அது எனக்கே தெரியும். ஐம்பத்திரண்டு வயசில வேற எங்கையும் எடுப்பாங்களோ தெரியாது, பாப்பம். உம்மோட இந்த ஆறு கிழமை நிண்டது எனக்குப் பெரிய காரியம். சுஜீதா கேக்கச் சொன்னதும் அதுதான். மிரியம் நல்ல பிள்ளை, நீக்கிலாஸ் அவட்ட ஒரு சொல் கேட்டால் போதும், உங்களைப் போக விட மாட்டா எண்டு சொன்னவ. அவர் உம்மட்டக் கேக்கேல்லைப் போல.

— கேட்டவர், அண்ணை. இருபத்திமூண்டாம் திகதி கேட்டவர். "ஆள் நல்லவர், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது" எண்டு என்ர கையால எழுதிக் குடுத்தது நான்தான். அந்தக் கடுதாசியைத் திருப்பி வாங்கத்தான் இப்ப மேல போறன்.