பத்தாவது வளைவில் ஒரு சக்கரம்

மாலை நாலே முக்கால் மணி. புதுச் சாலை போட்ட பிறகு எவரும் சீந்தாத பழைய மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்... நடுவே ஈரத் தார். இருட்டக்கூட இல்லை. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று உங்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் சொன்னேன். இன்னொன்று... சாப்பாடு பாக்கி இருப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது.

இது என் ஆபீஸில் பக்கத்து மேசைக்காரியின் தம்பிக்கு நடந்தது. அவனை எல்லாரும் 'சோப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை முதல் மாலை வரை ஊரார் மலத்தையும் சளியையும் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்ப்பான், முகம் சுளிக்க மாட்டான். ஆனால் வாஷ்பேசினில் ஒரே ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால் போதும், குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும். "கையுறை போட்டா அது வேலை, போடலைன்னா அது அசிங்கம்" என்பான். பையில் எப்போதும் கையுறை, ஸ்பிரிட் பாட்டில், பஞ்சு, இடுக்கி.

சோப்புக்கு ஸ்கேட்போர்டு என்றால் உயிர். அந்தப் பைத்தியத்தை அக்கா புருஷனுக்கும் ஒட்டவைத்துவிட்டான். மச்சானுக்கு முப்பத்தாறு வயது, தலை முழு வழுக்கை. "ஹெல்மெட்ட எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்சிருக்காங்கடா" என்று அவரே சிரிப்பார். அக்காவுக்கு அப்போது ஆறாம் மாதம். வாந்தியெடுத்தே ஓய்ந்துபோய், தலை சீவத் தெம்பில்லாமல், பையன் மாதிரி முடியை ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது தம்பியின் காதைத் திருகினாள்.

"எப்படிக் கூட்டிட்டுப் போறியோ அப்படியே கொண்டுவந்து விடணும். ஒரு கீறல் இருந்தாலும் என் வீட்டுப் படி ஏறாதே."

"சத்தியமா அக்கா."

கூட வந்தது மெக்கானிக் நண்பன். அவன்தான் வேன் ஓட்டினான். மூன்று வளைவு முன்னால் போய் நிறுத்துவான். நீளமாக ஒரு ஹாரன் அடித்தால், கீழிருந்து வண்டி வருகிறது, ஓரமாக நில். குட்டியாக இரண்டு அடித்தால், பாதை காலி, வா. மலை உச்சியில் ஒரு விஷயம் சொன்னான். "பத்தாவது கொண்டை ஊசி வளைவுல ஒரு கம்பத்துல பழைய ஸ்கேட்போர்டு ஆணியடிச்சிருக்கும். அதுல வந்த ஒருத்தி அங்க விழுந்து செத்துட்டா. இறங்குறவங்க அதோட சக்கரத்த விரலால ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போவாங்க. நீங்களும் செஞ்சிடுங்க."

பத்தாவது வளைவில் மச்சான் வேகம் தாங்காமல் சறுக்கி நிறுத்தினார். ஆள் விழவில்லை. ஆனால் முன்சக்கரம் ஒன்று துண்டாகப் பிய்ந்துவிட்டது. பனி இறங்க ஆரம்பித்திருந்தது. போனில் ஒரு புள்ளிகூட சிக்னல் இல்லை.

எதிரிலேயே அந்தக் கம்பம். பலகை ஊறிக் கறுத்து, சக்கரங்களில் பாசி கொழகொழவென்று படிந்திருந்தது. மெக்கானிக் சொன்னபடி மச்சான் ஒரு சக்கரத்தைச் சுழற்றினார். சளக்... சளக்... என்று சுற்றி நின்றது. சோப்பு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வாடா, நடந்துடலாம். மூணு வளைவுதானே" என்றார் மச்சான்.

சோப்பு சாலையோரப் புல்லைப் பார்த்தான். அட்டைகள். ஒவ்வொரு புல் நுனியிலும் ஒன்று எழுந்து நின்று, மோப்பம் பிடிப்பதுபோல ஆடிக்கொண்டிருந்தது. அவன் ஷூவில் ஏற்கெனவே இரண்டு. அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. இதில் மூன்று வளைவு நடப்பதா? அவனால் முடியாது. அதுதான் அவன் செய்த தப்பு. வேறு எவனாயிருந்தாலும் பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு நடந்திருப்பான்.

"மச்சான், அதுல ஒரு சக்கரத்தக் கழட்டிப் போட்டுக்கலாம். அளவு ஒண்ணுதான்."

"செத்தவ பொருள்டா..."

"சுத்தம் பண்ணிட்டா எல்லாம் பொருள்தான்."

கையுறை மாட்டினான். அது இப்போது வேலை ஆகிவிட்டது, பாருங்கள். ஸ்பேனரால் நட்டைத் திருகிச் சக்கரத்தை இழுத்தான். பாதி வந்து நின்றது. உள்ளே பேரிங்கைச் சுற்றி முடி. எந்தப் போர்டுச் சக்கரத்திலும் நூல், முடி சிக்கும், புதிதில்லை என்று மச்சான் சொன்னார். ஆனால் இது ஈரமாக இருந்தது. சோப்பு இடுக்கியால் பிடித்து இழுத்தான். ஒரு சாண் வந்தது... ஒரு முழம் வந்தது... இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. வெயிலில் மூடிவைத்த சளி டப்பாவைத் திறந்த மாதிரி நாற்றம். அவன் வாயில் புளித்த எச்சில் ஊறியது. மூச்சை அடக்கி, முழுவதையும் உருவிப் புல்லில் எறிந்தான். அட்டைகள் அத்தனையும் அங்கிருந்து விலகி ஊர்ந்தன. அதைப் பார்த்தபோதாவது நிறுத்தியிருக்க வேண்டாமா? ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தான். பஞ்சு கறுப்பு மாறி வெள்ளையாகும் வரை துடைத்தான். பளிங்குபோல ஆனதும் மச்சானின் போர்டில் மாட்டினான்.

கீழே இரண்டு குட்டி ஹாரன். பாதை காலி.

மச்சான் முன்னால், சோப்பு பின்னால். பனியில் மச்சானின் முதுகு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. முதல் வளைவு வரை நான்கு சக்கரங்களின் வழக்கமான இரைச்சல்தான். அப்புறம் அதற்குள் ஒரு ஈரச் சத்தம். சளக்... சளக்... மச்சானின் பலகைக்குப் பின்னால் தார் ரோட்டில் ஒரு கோடு விழுந்துகொண்டே போனது. விரல் அகலம், கோழைபோலப் பளபளத்தது. சோப்பு அதில் ஏறாமல் இருக்க வளைந்து வளைந்து போனான்.

"மச்சான், நிறுத்துங்க!"

பனி மூடிக்கொண்டது. சக்கரச் சத்தமும் நின்றது. அக்கா முகம்தான் அவன் கண்முன் வந்தது. பள்ளத்தில் போய்விட்டார் என்றே நினைத்தான்.

போகவில்லை. அடுத்த வளைவில், ரோட்டின் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். போர்டை மடியில் கவிழ்த்திருந்தார். அந்தச் சக்கரத்தைச் சுற்றித் தேங்காய் அளவுக்கு ஈர முடி. தலை குனிந்து அதைப் பல்லால் கடித்து, உறிஞ்சி இழுத்துக்கொண்டிருந்தார். தாடையில் எச்சிலும் கறுப்புத் தண்ணீரும் வழிந்தது.

"ஐயோ... என்ன பண்றீங்க மச்சான்?"

அவர் நிமிர்ந்தார். கடைவாயில் ஒரு கற்றை. விழுங்கினார். அது தொண்டைக்குள் இறங்குவதைச் சோப்பு கண்ணால் பார்த்தான்.

"சுத்தம் பண்றேன்டா" என்றார், சிரித்த முகமாக. "நீதானே சொன்னே."

சோப்பு அங்கேயே மண்டியிட்டு வாந்தியெடுத்தான்.

வெகுநேரம் காணாமல் மெக்கானிக் மேலே வந்து இருவரையும் வேனில் ஏற்றினான். நாற்றம் தாங்காமல் எல்லா ஜன்னலையும் திறந்தான். மச்சானுக்கு எதுவும் நினைவில்லை. வழி நெடுக க்ஹம்... க்ஹம்... என்று தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தார். சோப்பு அந்தச் சக்கரத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூன்று முடிச்சு போட்டான்.

விடிந்ததும் திருப்பி மாட்டிவிடுவோம் என்று அவனும் மெக்கானிக்கும் பத்தாவது வளைவுக்குப் போனார்கள். பையை அவிழ்த்தால் சக்கரம் இல்லை. ஈர முடி மட்டும், சுருட்டி வைத்தாற்போல. கம்பத்தைப் பார்த்தார்கள். பலகையில் நான்கு சக்கரமும் இருந்தன. மூன்றில் பாசி. ஒன்று பளிங்குபோல... கிட்டப் போனால் ஸ்பிரிட் வாசனை.

இதையெல்லாம் சோப்பு என்னிடம்தான் சொன்னான். "அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டான். நானும் சொல்லவில்லை.

அவளுக்கு இப்போது மாதம் எட்டு. தம்பிமேல் தீராத வருத்தம். "வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிடுறான். ஒரு கீறல் இருந்தா படி ஏறாதேன்னு சொன்னேன். அவர் ஒரு கீறல்கூட இல்லாம வந்தாரே, அப்புறம் ஏன் வர மாட்டேங்கிறான்?"

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது கேட்டாள், குளியலறைக் குழாய் அடைப்புக்கு எந்தப் பொடி நல்லது என்று. வாரத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்கிறதாம். பிளம்பர் வந்து முழம் முழமாக முடியை உருவி எடுத்தானாம். "எனக்குத் தலையில இருக்கிறது ஒரு அங்குலம். அவருக்கு அதுவும் இல்ல. யாரோட முடின்னு கேக்குறான், நான் என்னத்தைச் சொல்ல?" என்று சிரித்தாள்.

சிரித்துவிட்டு ஒரு வாய் சாதம் எடுத்துவைத்தாள். மென்றாள். பாதியில் நிறுத்தினாள். க்ஹம்... க்ஹம்... என்று செருமி, இரண்டு விரலை வாய்க்குள் விட்டு எதையோ மெதுவாக இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள்.

நான் என் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.