பொம்மைக்கு எடுத்த உரம்

செந்துறையிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"எங்க அக்கா மவ புள்ளைய கவர்மெண்ட்டே தூக்கிட்டுப் போயிருச்சுங்க."

"எந்தக் கவர்மெண்ட்டு?"

"ஜெர்மனியில. கைப்புள்ளை உரம் விழுந்து, கழுத்தத் திருப்ப முடியாம அழுதிருக்கு. உரம் எடுக்கலாம்னு புருஷனும் இவளும் சேலையில போட்டு உருட்டியிருக்காங்க. எதுத்த வூட்டுக்காரி ஜன்னல்ல பாத்துட்டு, புள்ளைய வதைக்கிறாங்கன்னு போன் பண்ணிட்டா."

"வைத்தியம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா. புள்ளையத் தூக்கிட்டுப் போன ஆபீஸ்ல ஒரு பொம்மையக் குடுத்து, செஞ்சு காட்டச் சொன்னாங்களாம். நல்லா காட்டுனா புள்ளையக் குடுத்துருவாங்கன்னு நெனச்சு, ஒண்ணு விடாம செஞ்சிருக்கா. அதையே படம் புடிச்சு கோர்ட்டுல காட்டிட்டாங்க."

கேட்டவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னைக்கு ஆபீஸ்ல செஞ்சு முடிச்சதும் புள்ளைக்குக் கை நீட்டியிருக்கா."

"குடுத்தாங்களா?"

"பொம்மையத் திருப்பி வாங்கிக்கிட்டாங்களாம்."