புகைக்கு மருந்து

கரண்ட் போன பகலில், பங்க்கில் டீசலுக்காகக் கேனோடு நின்றிருந்தோம். எனக்கு முன்னால் ஒரு பனியன் கம்பெனி முதலாளி. அவருக்கு முன்னால், வேறொரு கம்பெனியில் ஜெனரேட்டர் ஓட்டுபவர்.

“புகை குறையும்னு டீசல்ல மருந்து ஊத்தறேனுங்க. சோதிச்சுப் பார்க்க ஜெனரேட்டர் புகை பைப்பு வாய்க்கு நேரா வெள்ளை பனியனைத் தொங்கவிட்டேன். கொஞ்ச நேரத்துல அது கருப்பு பனியனுங்க. வெளுத்த துணியெல்லாம் கரி. ஆர்டரே போயிருமாட்ட இருக்குதுங்க.”

“எங்க முதலாளி மருந்தெல்லாம் ஊத்த மாட்டாரு அண்ணாச்சி. பைப்பை நீட்டிச் சுவத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டாரு.”

“அந்தப் பக்கம் என்னங்க இருக்குது?”

“நாங்க குடியிருக்க லைன் வீடு. எம்புள்ள துப்புனா கருப்பா வருது.”

முதலாளி கேனைக் கை மாற்றிக்கொண்டார்.

“துணியில கரி இல்லீங்களா?”

“துணி வெள்ளையாத்தான் இருக்கு.”

“பைப்பு எத்தனை அடி நீட்டுனாருங்க?”