வகை கேட்காத பம்பு

மாத்தே தேநீர் கசப்பாக இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும், ஐயா. சர்க்கரை போட்டுக் குடிப்பவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கூட வேலை செய்யும் ப்ரௌலியோவைத்தான் முடியவில்லை. இறைச்சி அடைத்துப் பொரித்த எம்பனாதா மென்ற வாயோடு குழலை உறிஞ்சி, மீசையைப் புறங்கையால் வழித்துவிட்டு, அதே குடுவையை என்னிடம் நீட்டுவான். எங்கள் ஊர் மொந்தெவிதேயோவில் அதை மறுத்தால் ஆளையே மறுத்த மாதிரி. வாங்கிக் குடிப்பேன். குழலில் கொழுப்பு ஒட்டியிருக்கும்.

அவன் எழுதும் கணினி நிரலும் எச்சில் பட்டதுதான். எங்கள் நிறுவனம் மருத்துவமனைகளுக்கு மருந்தேற்றும் பம்பு செய்கிறது. நர்ஸ் அளவைத் தட்டும் திரை அவன் பொறுப்பு. மருந்தைத் தள்ளும் பகுதி என் பொறுப்பு. வருகிற அளவு மில்லிகிராம் வகையா, மைக்ரோகிராம் வகையா என்று பம்பு ஓடும்போதே என் நிரல் கேட்கும். வந்த வகையும் நான் எதிர்பார்க்கும் வகையும் ஒன்றாக இல்லாவிட்டால் பம்பு நின்றுவிடும். அவன் மாற்றி மாற்றி அனுப்பினான். அவன் கழித்துவைத்ததை ஒவ்வொரு முறையும் நான்தான் அள்ளினேன்.

"என்னடா வால்டெமார், உன் சோதனை சுங்கக்காரன் மாதிரி வர்றவன் போறவனையெல்லாம் மடக்குது," என்றான் ஒருநாள். "அதைத் தூக்கிக் கடாசு. என் கோட் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

"நிஜமாவே தூக்கிடவா?"

"தாராளமா தூக்கு, மச்சான். இந்தா, குடி."

குடித்தேன். பிறகு தூக்கினேன். அவன் சொன்னதைத்தானே செய்தேன். வகை கேட்கும் வரிகள் போனதும் வெறும் எண் மட்டும் வந்தது. ஐந்து என்றால் ஐந்து. எதில் ஐந்து என்று பம்பு கேட்கவில்லை.

பழி அவன் தலையில் விழும், வேலையை விட்டுத் துரத்துவார்கள் என்று கணக்குப் போட்டேன். துரத்தினார்கள். படுக்கையில் யாராவது ஒருவர் இருப்பார் என்பதும் தெரியும். பெரியவராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். சால்தோ நகரத்துப் பக்கம் ஒரு மருத்துவமனை வார்டில் குழந்தைக்கு ஐந்து மைக்ரோகிராம் தட்டியிருக்கிறார்கள். ஏறியது ஐந்து மில்லிகிராம், ஆயிரம் மடங்கு.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று என் வாக்குமூலத்தில் எழுதாதீர்கள், எனக்கு அது அவமானம். மாற்றிய நிரலை மருத்துவமனைகளுக்கு அனுப்பும் முன் என் மேசையிலேயே ஓட்டிப் பார்த்தேன். நோயாளியின் கைக்குப் பதில் ஒரு கண்ணாடிக் குவளை. கண்ணெதிரே நிரம்பி மேசையெல்லாம் வழிந்தது. துடைத்துவிட்டு அனுப்பினேன்.

என் நிரலில் ஒரு பிழைகூட இல்லை, ஐயா. அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.