சீட்டு வந்த மத்தியானம்

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது, ஐயா. வெற்றிலைகூடப் போடமாட்டேன்.

தென்காசி ஸ்டேஷனை ஒட்டிய மரக்கிட்டங்கியில் எனக்கு வேலை. மலையிலிருந்து வரும் தேக்குத் தடிகளை ஆள் வைத்து கூட்ஸ் வண்டியில் ஏற்ற வேண்டும். தடி உருண்டு ஒருவன் கால் நசுங்கினாலும் துரையிடம் ஏச்சு எனக்குத்தான். வண்டி கிளம்பப் பிந்தினாலும் எனக்குத்தான். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால் விரல் நடுங்கும். என் மனைவி பேச்சித்தாய், "என்ன செய்யுது உங்களுக்கு?" என்பாள். அதுவும் ஏச்சு மாதிரியே காதில் விழும்.

நல்லதம்பியின் செங்கல் சூளைக் கொட்டகையில் சீட்டு நடக்கும். சீட்டை விரித்ததும் நடுக்கம் நின்றுவிடும். மருந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனேன். பிறகு வேலை முடிந்ததும். பிறகு வேலைக்கே போகாமல். அவள் கம்மல், பித்தளைப் பானை, விதைநெல் எல்லாம் அந்த வழியாகப் போயின. தோற்கத் தோற்க நடுக்கம் கூடியது. அதற்கு மருந்தும் அங்கேதான் இருந்தது.

பேச்சித்தாய் பிள்ளையை இடுக்கிக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நிற்பாள். அவள் நிழல் விழுந்தால் எனக்குச் சீட்டு வராது. அதனால்தான் அன்று மத்தியானம் கிளம்பும்போது கதவுக்கு வெளியே நாதாங்கியைப் போட்டுக் குச்சியைச் செருகினேன்.

"கதவைத் திறங்க, மழை கூடுது" என்றாள் உள்ளிருந்து.

நான் அவளை அடித்ததே இல்லை, ஐயா. ஊரில் கேட்டுப் பாருங்கள்.

ஆட்டத்தின் நடுவில், கிட்டங்கியில் தடி ஏற்றும் சங்கிலிப்பாண்டி நனைந்துகொண்டு ஓடிவந்தான்.

"ஏலே நம்பிராசா, குத்தாலத்துல மழை கொட்டிட்டு. சித்தாத்துல வெள்ளம் ஏறுது. உன் வீட்டுப் பக்கம் முழங்காலுக்கு மேல நிக்கு."

"அவ அப்பமே மேட்டுக்குப் போயிருப்பா," என்றேன்.

அவன் நம்பித் திரும்பிவிட்டான். எங்களுடையது ஆற்றங்கரையில் தனி வீடு. கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. நாதாங்கி எனக்கு நினைவில் இருந்தது. மறந்துவிட்டான் என்று எழுதிவிடாதீர்கள். அன்றைக்குத்தான் சீட்டு வர ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு கை ஆடினேன். அதற்குப் பிறகும் ஒரு கை.

கதவின் உட்பக்கமெல்லாம் நகக் கீறல் என்று ஏட்டு சொன்னார். பிள்ளையைப் பரணில் ஏற்றி வைத்திருந்தாளாம். தண்ணீர் பரணையும் மூடியிருக்கிறது.

ஒன்று மட்டும் சேர்த்து எழுதுங்கள். கடைசிக் கை எனக்குத்தான் விழுந்தது. அதை அவளிடம் சொல்லத்தான், ஐயா, அந்த மழையில் அவ்வளவு வேகமாக வீட்டுக்கு ஓடினேன்.