தமிழில் அனுப்பவும்

— உந்தக் கடிதத்தை உடைச்சது ஆர், சிவக்கொழுந்து?

— நான்தான், கிளாக்கர் ஐயா. தபால்காரத் தம்பிஐயா உங்களிட்டைக் குடுக்கச் சொல்லித்தான் தந்தவர். பொய் சொல்லேல்லை.

— அது கிராமச் சங்கத்துக்கு வந்த கடிதம். செயலாளர் எண்டு நான் ஒருத்தன் உயிரோடை இருக்கிறன்.

— உங்களிட்டைத் தந்திருந்தால் என்ன செய்திருப்பியள்? சிவப்பு மையாலை ‘தமிழில் அனுப்பவும்’ எண்டு எழுதி, வந்த வழியாலை விட்டிருப்பியள். முந்தின நாலையும் அப்பிடித்தானே விட்டனியள்.

— அது என்ரை சட்டமில்லை. சங்கத்தின்ரை தீர்மானம். சிங்களத்திலை வாற கடிதம் ஒண்டையும் கையேற்கிறதில்லை. நீயும் கையைத் தூக்கினனி.

— ஓம், தூக்கினனான். ஒரு கையில்லை, ரண்டு கையையும் தூக்கினனான். சத்தியாக்கிரகமெண்டு அரசாங்கக் கச்சேரி வாசலிலை வெயிலுக்கை உங்களோடை குந்தியிருந்தனான். இல்லையெண்டு சொன்னனே?

— பிறகென்ன?

— அப்ப என்ரை மகள் அருந்ததி திரும்பவும் பிள்ளைத்தாய்ச்சி ஆகேல்லை. இப்ப எட்டு மாதம்.

— எட்டாகிட்டுதோ?

— எட்டு. போன முறை நடந்தது உங்களுக்குத் தெரியும். மாட்டு வண்டிலிலை மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, பண்டத்தரிப்புத் தாண்டேக்கை பிள்ளை பிறந்து, வண்டிலுக்கையே செத்தும் போச்சுது. சாக்கை விரிச்சுப் பிடிச்சது நான். அந்தக் கிழமைதானே நீங்கள் கொப்பியும் பேனையுமாய் வெளிக்கிட்டனியள், எங்கடை கரைக்கு ஒரு அரசாங்க மருத்துவிச்சி வேணுமெண்டு.

— இருநூற்றிப் பன்னிரண்டு கையெழுத்து.

— அதிலை முக்கால்வாசி கைநாட்டு. ஒவ்வொரு பெருவிரலாய்ப் பிடிச்சு அமத்தினது நான். என்ரை கையிலை மை போக நாலு நாள் செண்டது. மீன் வாங்க வந்த சனம், ‘என்னடி, கணவாய் மை கக்கிப்போட்டுதோ?’ எண்டு சிரிச்சது.

— நாங்கள் தமிழிலை கேட்டம். பதிலும் தமிழிலை வரவேணும். இது பிச்சையில்லை, சிவக்கொழுந்து. உரிமை.

— உரிமைதான், ஐயா. ஆனால் உரிமை வந்து பேறு பாக்குமே?

— கடிதம் வந்து எத்தினை நாள்?

— ரண்டு கிழமைக்கு மேலை.

— அவ்வளவு நாளும் வைச்சிருந்தனியோ!

— வாசிக்க ஆள் வேணுமே. எங்கடை ஊரிலை சிங்களம் தெரிஞ்சது ஆர்? சந்திப் பேக்கரிக் குணதாசா ஒருத்தன். அவன் பொஞ்சாதி பிள்ளையளைப் பாக்கத் தன்ரை ஊர் காலிக்குப் போயிட்டான். நேற்றுத்தான் பேக்கரிக் கூரைக்கு மேலை புகையைக் கண்டன். இண்டைக்கு விடிய ஓடினன்.

— சங்கத்துக் கடிதத்தைப் பேக்கரிக்காரனிட்டைக் காட்டினனியோ? ஊர் அறிஞ்சால் என்ன கதைக்கும்?

— கதைக்கட்டும். அவன் சுட்ட பாணை மட்டும் தின்னலாமோ?

— என்ன வாசிச்சவன்?

— பாவம், கண்ணாடியையும் ஊரிலை விட்டிட்டு வந்திட்டான். மாக் கையாலை கடுதாசியை எட்டப் பிடிச்சு, கிட்டப் பிடிச்சு, எழுத்துக் கூட்டித்தான் வாசிச்சவன். மருத்துவிச்சி தந்திட்டாங்களாம், ஐயா!

— ம்.

— கேட்டதோ? தந்திட்டாங்கள். ஆள் ஆயத்தமாம். அவ தங்க ஒரு அறை நாங்கள் குடுக்கவேணுமாம். குடுக்கிறம் எண்டு எழுத்திலை அறிவிக்கவேணுமாம். அவ்வளவுதான். முந்தின கடிதங்களிலையும் உதைத்தான் கேட்டவங்களாம். இது கடைசித் தரம், இனி எழுதமாட்டம் எண்டு கிடக்காம்.

— கதிரையிலை இரன்.

— இருக்க நேரமில்லை. ஏன் உங்கடை முகம் இப்பிடி வெளிறிப் போச்சுது? உங்களிலை ஒருத்தரும் பிழை சொல்லார். கொழும்பிலை பதினேழு வருசம் உத்தியோகம் பாத்த மனிசன். சிங்களச் சோதினை எடு, இல்லாட்டில் வீட்டை போ எண்டாங்கள். ஓரெழுத்தும் படிக்கமாட்டன் எண்டு பேனையை மேசையிலை வைச்சிட்டு ரெயில் ஏறினியள். அதுக்காகத்தானே மாலை போட்டு உங்களைச் செயலாளராக்கினது. உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு தெரிஞ்சிருந்தால் நீங்கள் திருப்பி விட்டிருப்பியளே?

— அறையை ஆர் குடுக்கிறது?

— நான். முன் அறை. வலையளைத் தாவாரத்துக்கு எடுத்திட்டன். சுண்ணாம்பும் அடிக்கச் சொல்லிப்போட்டன். மீன் மணம் கொஞ்சம் இருக்கும். அவ பொறுக்கவேணும்.

— சங்கத்தைக் கூட்டாமல் நான் தனிய…

— கூட்டுவியள். ஒருத்தர் எழும்பி மொழி எண்டுவார், மற்றவர் மானம் எண்டுவார். பிறகு எல்லாருக்கும் தேத்தண்ணி. அருந்ததியின்ரை வயிறு அதுவரைக்கும் பொறுக்குமே? எழுதுங்கோ, ஐயா. தமிழிலைதான் எழுதுங்கோவன், மானம் போகாது.

— அந்தப் பேனையை எடு.

— இந்தாங்கோ. மேலை கிடக்கிற இலக்கத்தைப் பாத்துப் போடட்டாம், இல்லாட்டில் எங்கடை கடிதம் அரசாங்கக் கந்தோருக்கை துலைஞ்சுபோமாம். பிடியுங்கோ கடிதத்தை. தவணை கீழ்வரியிலை. முப்பதாம் திகதிக்குள்ளை பதில் போய்ச் சேராட்டில் மருத்துவிச்சியை வேறை ஊருக்கு விட்டிடுவினமாம். இண்டைக்கு யூலை ஆறுதானே? இன்னும் இருபத்திநாலு நாள் கிடக்கு. நானே கொண்டுபோய்ப் போடுறன்.

— ம்.

— என்ன, எழுதாமல் அந்த வரியையே பாத்துக்கொண்டிருக்கிறியள்?

— எந்த மாதம் எண்டவன் குணதாசா?

— இந்த மாதம்தான். விரலை வைச்சுக் காட்டினவன். அவங்கடை பாசையிலை ‘ஜூலி’யாம்.

— அவனிலை பிழை சொல்லேலாது, சிவக்கொழுந்து. சிங்களத்திலை ‘லி’யும் ‘னி’யும் பாக்க ஒண்டுபோலைதான் இருக்கும். உதிலை கிடக்கிறது ஜூலி இல்லை. ஜூனி. போன மாதம்.